ஒப்படைக்கப்பட்டது

தம்பியின் மூச்சு பிளக்கில் இருந்தது. இப்படிச் சொன்னால் சிலர் கவிதை என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். கவிதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. முப்பத்திரண்டு வயது ஆள். நுரையீரல் இரண்டும் தழும்பேறிச் சுருங்கிப்போயிருந்தன. கட்டிலுக்கு அருகில் ஒரு ஆக்சிஜன் மெஷின், மெஷினிலிருந்து சுவருக்கு ஒரு வயர். கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால் அவன் மூச்சு விடுவான். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குள் டிப்போவிலிருந்து சிலிண்டர் வந்து சேர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்குக் காலை பத்து இருபதுக்குக் கரண்ட் போனது. ஒரு தெரு, இரண்டு தெரு இல்லை, பாதி ஊர். எங்கேயோ பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம், சாயங்காலத்துக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள் என்று மின்சார ஆபீஸில் போன் எடுத்தவர் ஏதோ பஸ் லேட் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா இருந்தது ஊரின் மறுபாதியில். அங்கே விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, காபி மெஷின் வழக்கம்போல் கழனித்தண்ணியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸில் அவளுக்கு சீரியல் மேடம் என்று பெயர். டிவி சீரியல் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்தவள் இல்லை. அவள் எழுதியது சீரியலைசர்; அதைச் சுருக்கி, மரியாதைக்கு ஒரு மேடமும் சேர்த்துவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் தொழில் பேசித்தான் ஆக வேண்டும். ஓடிவிடாதீர்கள், ஒரே நிமிஷம். அவள் கம்பெனி, செய்தி அனுப்பும் லைப்ரரி ஒன்றை விற்றது. லைப்ரரி என்றால் மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் புரோகிராமுக்குள் அப்படியே வைத்துக்கொள்ளும் தயார்ச் சரக்கு. லாரிக்காரர்கள் வாங்கினார்கள், டிக்கெட் விற்பவர்கள் வாங்கினார்கள், அந்த ஆக்சிஜன் டிப்போவும் வாங்கியிருந்தது. செய்தியை அதன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கலாம். லைன் கிடைக்கிறபோது அது அனுப்பும். பதில் வந்தால் வந்து சொல்லும். காத்துக்கிடக்க வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் புரோகிராமுக்குள் இருக்கிற செய்தி, அதாவது வீட்டு விலாசம், சிலிண்டர் எத்தனை, எந்த மாடி என்பதெல்லாம், இருக்கிறபடியே கம்பியில் போகாது. முதலிலிருந்து கடைசிவரை பைட் பைட்டாக வரிசையில் அடுக்கிக் கட்ட வேண்டும். அந்த அடுக்குகிற வேலைக்குத்தான் சீரியலைஸ் செய்வது என்று பெயர். எட்டு வருஷமாக அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. தம்பிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

பத்தே முக்காலுக்கு அம்மா வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டாள்.

"கரண்ட் போயிடுச்சுடி. டிப்போவுக்குப் போன் பண்ணிட்டேன். எழுதிக்கிட்டாங்க. நீ அங்க உக்காந்து பதறாதே."

"எப்ப வருமாம்?"

"அரை மணி நேரம்னாங்க. பேட்டரி பச்சையாத்தான் இருக்கு. இவன் என்னடான்னா கிரிக்கெட் ஸ்கோர் கேக்கறான்."

அவள் பதறவில்லை. இதற்கு முன்னால் நாலைந்து முறை கரண்ட் போயிருக்கிறது; சிலிண்டர் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது. அந்த டிப்போவில் வண்டிகளுக்கு விலாசம் அனுப்புவதே தன் லைப்ரரிதான் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட உண்டு. வீட்டில் சொல்லியும் இருக்கிறாள். "அப்ப எனக்கு மூச்சு குடுக்கறது நீதான்னு சொல்லு" என்று தம்பி கிண்டல் செய்வான்.

பதினொன்று பதினைந்துக்கு அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"வண்டி வரலைடி. பேட்டரி மஞ்சளாயிடுச்சு."

"டிப்போவுக்குப் பண்ணினியா?"

"பண்ணினா எங்கேஜ்டு, எங்கேஜ்டு, எங்கேஜ்டு. இவனுக்கு உதடு ஒரு மாதிரி இருக்கு. நான் பார்க்கறது நிஜமா, பயத்துல தோணுதான்னு எனக்கே தெரியலை."

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "அவகிட்ட சும்மா இதெல்லாம் சொல்லாதே." ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டிச் சொன்னான்.

டிப்போ மேனேஜரின் சொந்த நம்பர் அவளிடம் இருந்தது. நல்ல மனிதர். சாஃப்ட்வேரில் ஏதாவது மக்கர் செய்தால் அவளைத்தான் கூப்பிடுவார். அவளும் அண்ணே, அண்ணே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். ஏழாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்.

"மேடம், உங்க அம்மா ஆர்டர் இருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா கரண்ட் போன பக்கம் டவர் எல்லாம் படுத்துடுச்சு. வண்டிக்குச் செய்தி போகவே மாட்டேங்குது. பத்து ஆர்டர் வரிசையில நிக்குது. டிரைவருங்க அஞ்சு பேரும் எந்தத் தெருவுல நின்னுட்டு இருக்கானுங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

"அண்ணே, இன்னும் அரை மணி நேரம்தான் பேட்டரி."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா."

"இன்னொரு தடவை போடுங்க அண்ணே. எங்க வீட்டை இன்னொரு தடவை போட்டு அனுப்புங்க."

"ஏற்கெனவே இருக்கறதை எதுக்கு மறுபடியும்?"

"தெரியலை அண்ணே. போடுங்க. உங்க கால்ல வேணா விழறேன், போடுங்க."

எட்டு வருஷம் மென்பொருள் எழுதியவள், வரிசையில் நிற்கிற செய்தியை இரண்டாவது முறை போட்டால் அது முந்திக்கொண்டு போகாது என்பது தெரிந்தவள், லிஃப்ட் பொத்தானை நாலு தடவை அமுக்குகிற ஆள்போல் கெஞ்சினாள். அந்த நேரத்தில் படிப்பு எங்கே போய்த் தொலைகிறதோ. அவர் பெருமூச்சு விட்டார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அவள் விலாசத்தைச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். "போட்டாச்சும்மா. பதினொண்ணாவதா நிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவள் செய்ய ஒன்றும் இல்லை. டாக்ஸி பிடித்தாலும் வீடு போய்ச்சேர ஒரு மணி நேரம். போனை மேஜைமேல் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். அடுத்த இருக்கையில் இருந்த டெஸ்டர் திரும்பிப் பார்த்தான். எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். அதனால் ஆபீஸ் வைத்த பெயர் நொட்டை. அவனும் அதைப் பட்டம்போல் ஏற்றுக்கொண்டிருந்தான்.

"என்ன மேடம், முகமே சரியில்லை?"

அவள் சொன்னாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்று நாற்பத்தி நாலுக்கு அது அடித்தது.

"வந்துட்டாங்கடி! வந்துட்டாங்க! மாட்டியாச்சு! இதோ, இதோ, பேசறான் பாரு."

"அக்கா," என்றான் தம்பி. ஒரே மூச்சில் சொன்னான்.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஓவென்று அழுதாள். யார் பார்த்தால் என்ன. நொட்டை ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட்டான். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு நிஜமாகவே பசித்தது.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி அம்மா. இந்தத் தடவை சிரிப்பு.

"ஏண்டி, நீ எத்தனை ஆர்டர் போட்டே? இன்னொரு வண்டி வந்து நிக்குது."

"ரெண்டு தடவை போடச் சொன்னேம்மா. அதான்."

"அதுக்குன்னு? முதல்ல வந்தவன் ரெண்டு இறக்கினான். இவனும் ரெண்டு இறக்கறான். வேணாம்ப்பான்னா, ஆர்டர்ல இருக்கும்மா, இறக்கி வெச்சுட்டு 'ஒப்படைத்தேன்'னு அமுக்கினாத்தான் எங்க மெஷின்ல அடுத்த வேலை வரும்கறான்."

"சரி, இருக்கட்டும் விடு. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடலாம்."

"நல்ல கூத்து போ. இரு, இரு. இன்னொரு வண்டி! அடியே, மூணாவது வண்டிடி! ஹால்ல கால் வைக்க இடமில்லை. தெருமுனையில இன்னொண்ணு திரும்பறது தெரியுது. என்னடி, கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, அந்த டிரைவர்கிட்ட போனைக் குடு. சீக்கிரம்."

டிரைவர் வந்தார். மூச்சு வாங்கியது, சிலிண்டர் தூக்கிய மூச்சு.

"அண்ணா, உங்க மெஷின்ல எத்தனை ஆர்டர் வந்துச்சு?"

"ரெண்டுங்க. ரெண்டும் இதே வீடுதான்."

"ஆர்டர் நம்பர் ரெண்டும் ஒண்ணா?"

"இல்லைங்க, வேற வேற. நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு, பதினாறு. உள்ளாற விலாசம் ஒண்ணுதான். ஒரு வீட்டுக்கு இத்தனை சிலிண்டரான்னு நானும் யோசிச்சேன். பெரிய இடம்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிவதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை, ஏனென்றால் அதைச் செய்தவளே அவள்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால்வரை அந்த லைப்ரரி ஒழுங்காக இருந்தது. செய்தியைக் கையில் கொடுத்த அந்த நிமிஷமே அதை அடுக்கிக் கட்டி, கட்டினதை வரிசையில் வைக்கும். அப்புறம் நீங்கள் உங்கள் கையில் இருக்கும் தாளில் என்ன கிறுக்கினாலும் கட்டினது கட்டினதுதான். இதில் கொஞ்சம் நேரம் வீணாகிறது என்று இவளுக்கு ஒரு ஞானோதயம். கட்டுகிற வேலையைத் தள்ளிப்போட்டாள். வாங்கும்போது உறைமேல் ஆர்டர் நம்பர், கூப்பிட்டவர் போன் நம்பர், எந்த வண்டி என்று மட்டும் எழுதிக்கொள்வது. உள்ளே வைக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. லைன் கிடைத்த பிறகு அங்கே போய்ப் பார்த்து அடுக்குவது. பன்னிரண்டு சதவீதம் வேகம் கூடியது. மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

அன்றைக்கு நொட்டை மட்டும் கேட்டான். "அனுப்பக் குடுத்துட்டு, அது போறதுக்கு முன்னாடி எவனாவது அந்தச் செய்தியை மாத்திட்டா?"

"குடுத்ததை எவன்யா மாத்துவான்? புத்தி பேதலிச்சவனா?" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாதுகாப்புக்கு என்று புதிய பதிப்பின் குறிப்பில் பதினெட்டாவது பாயிண்டாக ஒரு வரி எழுதிவைத்தாள்: பதில் வரும்வரை செய்தியில் கை வைக்க வேண்டாம். பதினெட்டாவது பாயிண்டை உலகத்தில் யார் படிக்கிறார்கள்?

டிப்போவின் புரோகிராமை எழுதியவன் சிக்கனக்காரன். புத்தி பேதலித்தவன் இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் புதுத் தாள் எடுக்காமல், ஒரே ஃபாரத்தை அழித்து அழித்து அதிலேயே எழுதுகிறமாதிரி செய்திருந்தான். பழைய லைப்ரரியில் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. புதிய லைப்ரரியிலும் மூன்று மாதம் வரவில்லை. லைன் நன்றாக இருந்தால் கொடுத்த மாத்திரத்தில் போய்விடுமே, அழிக்க நேரம் ஏது. இன்றைக்கு டவர் படுத்தது. பதினோரு உறை வரிசையில் நின்றது. எல்லா உறையும் ஒரே ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஃபாரத்தில் கடைசியாக எழுதப்பட்டது, அவள் அழுது கெஞ்சி எழுதவைத்த விலாசம். பதினொன்றரை வாக்கில் டவர் எழுந்ததும், பதினொரு உறையிலும் அதையே கட்டி ஒரேயடியாக அனுப்பிவிட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பத்தாவதாக எந்த வீடு இருந்ததோ அந்த வீட்டு வாசலில் ஐந்து வண்டியும் போய் நின்றிருக்கும். தம்பி செத்திருப்பான். கெஞ்சினதால் பிழைத்தான். அந்தப் பதினொன்றில் இரண்டு அவள் வீட்டுடையது. மிச்சம் ஒன்பது.

"நொட்டை," என்றாள். "ஒன்பது வீடு."

அவனுக்கும் சொல்லி விளக்கத் தேவைப்படவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். "விலாசம் எங்கயாவது பதிவாகியிருக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் டிப்போ மேனேஜரைப் பிடித்தாள். அவர் குரலில் நிம்மதி வழிந்தது.

"மேடம், எல்லாம் பச்சை! பதினொண்ணும் ஒப்படைச்சாச்சு!"

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணுமே ஒப்படைக்கலை. அஞ்சு வண்டியும் எங்க வீட்டுலதான் நிக்குது."

"என்னம்மா சொல்றே? ஸ்கிரீன்ல பச்சையா இருக்கே."

"ஏதாவது ஒரு ஆர்டரைத் திறந்து விலாசத்தைப் படிங்க."

படித்தார். அவள் வீடு. அடுத்தது. அவள் வீடு. மூன்றாவதைப் படிக்க ஆரம்பித்து நிறுத்தினார். டிப்போவின் பதிவேடும் வண்டி ஆர்டரை வாங்கிக்கொண்ட பிறகுதான் அதே ஃபாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளும். ஒன்பது விலாசமும் உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை.

"ஐயோ," என்றார். "ஐயையோ. ஆளுங்க திரும்பத் திரும்பப் போன் பண்ணி வண்டி வரலைன்னாங்கம்மா. இங்க போன் எடுக்கற பொண்ணுங்க, ஒப்படைச்சாச்சுன்னு வருதே, நல்லாப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லி வெச்சிருக்காங்க."

"கூப்பிட்டவங்க போன் நம்பர் இருக்கும் இல்லையா? அது உறையோட இருக்கும். அது அழிஞ்சிருக்காது."

இருந்தது. அவர் ஒன்பது நம்பரையும் படித்தார். படிக்கும்போது ஒரு தடவை தப்பாகப் படித்துவிட்டுத் திட்டிக்கொண்டு திருத்தினார். வைக்கும்முன் குரலைத் தாழ்த்தினார். "மேடம், சிஸ்டம் சரிபார்க்கறோம், விலாசம் சொல்லுங்கன்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் சொல்லிட வேணாம். அப்புறம் யாரு பதில் சொல்றது?"

அவள் வைத்துவிட்டாள். ஆபீஸ் போனில் வீட்டு லேண்ட்லைனைப் பிடித்து, இடது காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வைக்காதே. வண்டிக்காரங்க யாரையும் போகவிடாதே. எல்லாரையும் வாசல்ல நிறுத்து. வீட்டுல இறக்கினதை எல்லாம் மறுபடி ஏத்தச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு இவனுக்கு வெச்சுக்கோ."

"ஏண்டி? என்ன ஆச்சு?"

"அது நம்ம சிலிண்டர் இல்லைம்மா. வேற ஆளுங்களோடது."

அம்மாவுக்கு சீரியலைசரும் தெரியாது, உறையும் தெரியாது. ஆனால் இதற்கு மேல் அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ரிசீவரைக் கீழே போடுகிற சத்தமும், தெருவைப் பார்த்து அவள் கத்துகிற சத்தமும் கேட்டன. "யப்பா! போகாதீங்க! யாரும் போகாதீங்க! வந்து தூக்குங்க!" இரும்பு தரையில் உருளும் சத்தம். இடுப்பு வலிக்காரி, தானே உருட்டுகிறாள் என்று இவளுக்குத் தெரிந்தது.

நொட்டை அஞ்சு நம்பரை எடுத்துக்கொண்டான். அவள் நாலு.

முதல் நம்பரில் ஒரு ஆள் ஹலோ சொல்வதற்குப் பதிலாக வசவோடுதான் ஆரம்பித்தார். பொய் சொல்றீங்களா, ஒப்படைச்சீங்களா, எவன் வீட்டுல ஒப்படைச்சீங்க என்று கேட்டார். சரியான கேள்விதான். அவள் விலாசம் விலாசம் என்று கெஞ்சினாள். திட்டிக்கொண்டே சொன்னார். வலது காதில் வாங்கியதை இடது காதின் போனில் கத்த, அம்மா அதை வாசலில் கத்த, ஒரு வண்டி கிளம்பியது. அந்த வீட்டில் மனைவிக்கு ஒரு சின்னச் சிலிண்டர் கைவசம் இருந்ததாம், இன்னும் பத்து நிமிஷம் தாங்குமாம். இரண்டாவது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போனை எடுத்த பெண், "நீங்க இனிமே வந்தா என்ன வராட்டி என்ன" என்று சொல்லி வைத்துவிட்டாள். நொட்டை பக்கம் ஒரு வீட்டில் கரண்டே வந்துவிட்டது. இன்னொரு வீட்டில் யாரோ அழுகிற சத்தம்தான் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அவன் தெருப் பெயரைப் பொறுமையாகக் கேட்டு வாங்கினான், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

இப்படியே எட்டு வீடு. அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு தம்பியே ரிசீவரை வாங்கிக்கொண்டான். மூக்கில் குழாயோடு, விலாசத்தைக் கேட்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "பேசாதேடா, மூச்சு வாங்கும்" என்றதற்கு, "வாங்கட்டும், சொல்லு அடுத்தது" என்றான்.

ஒன்பதாவது நம்பர் கிடைக்கவில்லை. எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. மணி பன்னிரண்டு நாற்பது ஆகியிருந்தது. ஆர்டர் நம்பரைப் பார்த்தால் அதுதான் வரிசையிலேயே முதலாவது, அம்மாவுக்கும் முன்னால் கூப்பிட்டது. வாசலில் ஒரே ஒரு வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றது. நாலாவது தடவை மணி அடித்தது, எடுத்தார்கள்.

"ஹலோ, சொல்லுங்க?" ஒரு பெண். தெளிவான, அவசரமில்லாத குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிரிண்டர் ஓடியது. ஏதோ ஆபீஸ்.

"ஆக்சிஜன் டிப்போ விஷயமா கூப்பிடறேன். நீங்க காலைல ஒரு ஆர்டர்..."

"ஆமாங்க, எங்க அப்பாவுக்கு. வந்துடுச்சே! 'ஒப்படைக்கப்பட்டது'ன்னு பதினொன்னே முக்காலுக்கே மெசேஜ் வந்துடுச்சு. ரொம்ப ரொம்ப நன்றிங்க. நான் இங்க ஊரோட இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு, கையும் ஓடலை காலும் ஓடலை. அந்த மெசேஜைப் பார்த்த அப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"விலாசம் ஒரு தடவை சொல்லுங்க," என்றாள்.

அந்தப் பெண் சொன்னாள். வீட்டு எண், தெரு, இரண்டாவது மாடி, மாடிப்படியில் விளக்கு இல்லை, பார்த்து ஏறணும். அவள் அதை ஒவ்வொரு சொல்லாக இடது கைப் போனில் திருப்பிச் சொன்னாள். தம்பி வாங்கிக்கொண்டான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்புவது கேட்டது.

"அப்பாகிட்ட பேசினீங்களா?"

"பண்ணினேங்க, எடுக்கலை. தூங்கறார்போல. ராத்திரி எல்லாம் ஒரே இருமல், பாவம் கண்ணே மூடலை. சிலிண்டர் வந்துடுச்சு இல்லையா, நிம்மதியாத் தூங்கட்டும், எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. எல்லாம் அவரே மாட்டிக்குவார். அதெல்லாம் கில்லாடி." சிரித்தாள். அப்புறம் கேட்டாள். "ஏங்க, இப்ப எதுக்கு விலாசம் கேட்டீங்க?"

பக்கத்தில் நொட்டை தலையைத் தலையை ஆட்டினான். சொல்லாதே, வண்டி போய்ச் சேரட்டும், முதலில் வண்டி போகட்டும் என்று கையால் காட்டினான். சிஸ்டம் சரிபார்க்கிறோம் என்று ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். இன்னும் பத்து நிமிஷம் இந்தப் பெண் நிம்மதியாக இருப்பாள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தான் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முகம் கழுவிக்கொண்டு, பசிக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"உங்க அப்பாவுக்கு அனுப்பின வண்டி அங்க வரலைங்க," என்றாள். "எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவள் கத்தவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?"